அரண்மனையும் அடுக்களையும்

சரித்திர நாவல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? குதிரைக் குளம்போசை, கோட்டை மதில், சுரங்க வழி, நள்ளிரவில் கைமாறும் ஓலை, முடிசூட்டு விழா. இவை இல்லாத சரித்திர நாவல் சுவைக்காது என்பது உண்மையே. ஆயினும், வாசித்து முடித்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் அந்நாவலிலிருந்து நம் நெஞ்சில் எஞ்சி நிற்பவை எவை என்று சற்றே எண்ணிப் பார்ப்போமாயின் வியப்பே உண்டாகும். போர்க்களங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிப் போகின்றன. படையின் தொகையும் யானைகளின் எண்ணிக்கையும் மறந்து விடுகின்றன. ஆனால், களைத்து வந்த வழிப்போக்கனுக்கு ஓர் ஏழைத் தாய் இலை போட்டு உணவிட்ட காட்சி மறப்பதில்லை. தமக்கையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற தம்பியை நாம் மறப்பதில்லை.

இதற்குக் காரணம் எளியது. கல்வெட்டும் செப்பேடும் அரசனுடைய பெயரைத் தரும்; அவன் வென்ற நாட்டையும் அளித்த தானத்தையும் சொல்லும். அவன் மனையில் அன்று என்ன சமைத்தார்கள், அவன் மகள் எதற்காக அழுதாள் என்பவற்றை எந்தச் சாசனமும் சொல்லாது. அவற்றை நாவலாசிரியர் வேறோர் இடத்திலிருந்துதான் பெற்றாக வேண்டும். அந்த இடம், அவர் பிறந்து வளர்ந்த வீடு. அவர் நாள்தோறும் காணும் குடும்பம். அவர் காதில் விழும் அடுக்களைப் பேச்சு. அரண்மனையைச் சாசனத்திலிருந்து கட்டலாம். அதற்கு உயிர் கொடுப்பது அடுக்களையே.

தெல்லிப்பழை போன்றதோர் ஊரில் வாழ்வோருக்கு இவ்வுண்மை பெரிதும் உரியது. அது ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஒரு வரியில் பிறந்த வீரன்

தமிழ்ச் சரித்திர நாவல் என்றதும் யாவர்க்கும் நினைவு வருபவர் அமரர் கல்கி. 1899-இல் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தியே பின்னாளில் அப்புனைபெயரால் நாடறிந்தவர். 1941-இல் தம் பெயரிலேயே வார இதழைத் தொடங்கி, அதில் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகிய நாவல்களை எழுதினார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வெளிவந்தது ‘பொன்னியின் செல்வன்’.

இந்நாவலின் வீரனாகிய வந்தியத்தேவனைப் பற்றிச் சரித்திரம் நமக்குத் தருவது மிகச் சொற்பம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராஜராஜ சோழனின் தமக்கையாரான குந்தவையாரைக் குறிப்பிடும்போது, அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிறது. அந்தச் சிறு குறிப்பை முதலாக வைத்துக்கொண்டு, ஐந்து பாகங்களிலும் சலியாமல் குதிரை ஏறித் திரியும் ஓர் இளைஞனைக் கல்கி உருவாக்கினார். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் முதலிய அறிஞர்களின் ஆராய்ச்சி நூல்கள் அவருக்குத் துணை நின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்றோர் இன்னார் என்று பெயர் கூறும் உடையார்குடிக் கல்வெட்டும் அவருக்குப் பயன்பட்டது.

இவ்வளவு ஆராய்ச்சியும் செய்த ஆசிரியர் தம் நாவலை எங்கே தொடங்குகிறார்? அரச சபையிலன்று; ஆடிப் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில். புதுவெள்ளத்தைக் கண்டு மகிழக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டி எடுத்து வருகிறார்கள். குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெண்கள் பாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தினூடே ஒரு குதிரை வீரன் வருகிறான். சோழப் பேரரசின் பெருங்கதை, ஒரு குடும்பத் திருநாளின் கட்டுச்சோற்றோடு தொடங்குகிறது!

பின்னும் பாருங்கள். தஞ்சையில் புகலிடம் தேடி வந்த வந்தியத்தேவனுக்குப் பூந்தோட்டக் குடிலில் சேந்தன் அமுதனின் அன்னை உணவு படைக்கிறாள். அவள் வாய் பேசாதவள். இலையில் இடியாப்பம் வருகிறது; அதனோடு தேங்காய்ப்பால் வருகிறது. யாழ்ப்பாணத்து வாசகர் இவ்விடத்தில் புன்முறுவல் பூக்காதிருக்க இயலுமா? பத்தாம் நூற்றாண்டுக்கு அவரை அழைத்துச் செல்ல ஆசிரியருக்கு வேறு வாகனம் தேவைப்படவில்லை. தம் வீட்டு இரவுச் சாப்பாடே அவரை அங்கே கொண்டு சேர்த்துவிட்டது.

அந்நாவலின் பெருஞ்சிக்கல்களும் குடும்பச் சிக்கல்களே. மகன் அரசாள வேண்டுமா, ஆண்டவனுக்குத் தொண்டு செய்ய வேண்டுமா என்ற கேள்வியில் தாயும் மகனும் முரண்படுகிறார்கள். இளமையில் ஒரு தீவில் சந்தித்த பெண்ணின் நினைவு முதிய அரசனை வாட்டுகிறது. தமையன், தமக்கை, தம்பி என்ற மூவரிடையே பாசமும் கடமையும் போராடுகின்றன. முடியையும் செங்கோலையும் சற்று ஒதுக்கி வைத்துப் பார்த்தால், இவை நம் ஊரில் முதுசொம் காணிக்கும் சீதனத்துக்கும் நடக்கும் மனப்போராட்டங்களிலிருந்து வெகு தூரத்தில் உள்ளவை அல்ல.

எழுத்தும் இல்லமும்

‘பொன்னியின் செல்வன்’ 293 அத்தியாயங்கள் கொண்டது. மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல், ஒன்றோ அதற்கு மேலோ அத்தியாயங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். அதனோடு தலையங்கம் உண்டு. கலை விமரிசனம் உண்டு. பத்திரிகை நிருவாகமும் உண்டு. ஓவியர் மணியத்தின் சித்திரங்களுக்கும் காலத்தில் கதை கொடுக்க வேண்டும். இலங்கைக் காட்சிகளை எழுதுவதற்காக அவர் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்து இடங்களைப் பார்த்துச் சென்றார். மாதோட்டமும் அநுராதபுரமும், ஆனையிறவும் தொண்டைமானாறும் அந்த நாவலில் இடம் பெற்றிருப்பதை நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வர்.

எழுத்து என்பது ஏதோ ஒரு நள்ளிரவில் தானாக வந்து இறங்கும் வரம் என்று எண்ணும் மாணவர்கள் இக்கணக்கைக் கவனிக்க வேண்டும். தோட்டக்காரர் கிணற்றடிக்குப் போவது போல, எழுத்தாளர் மேசைக்குப் போகிறார். மனம் இருந்தாலும் போகிறார், இல்லாவிடினும் போகிறார். போன பின்னரே மனம் வருகிறது.

‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர் பலர் மனக்குறை கொண்டனர். இன்னார் என்ன ஆனார், அவர்க்கு மணம் நடந்ததா என்றெல்லாம் கேட்டனர். கல்கி அவர்களுக்கு விடை கூறியபோது ஒரு நுட்பத்தை விளக்கினார். முற்றிலும் கற்பனையான கதையை ஆசிரியர் தாம் விரும்பும் இடத்தில் முடித்துவிடலாம். சரித்திர மாந்தரின் வாழ்வோ கதை முடிந்த பிறகும் நீண்டு செல்வது. ஆதலால் எங்கே நிறுத்தினாலும் ஏதோ ஒன்று மிஞ்சும் என்பது அவர் கருத்து. குடும்ப வாழ்வும் அத்தகையதே அன்றோ? ஒரு தலைமுறையின் கதை முடிந்ததென்று எவரும் சொல்ல முடியாது. அது அடுத்த தலைமுறையின் கைக்கு மாறுகிறது.

கல்கியின் சொந்த வாழ்வே இதற்குச் சான்றாயிற்று. 1954 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானபோது ‘அமரதாரா’ என்னும் சமூக நாவல் பாதியில் நின்றது. தந்தையின் குறிப்புகளைக் கொண்டு அதை எழுதி முடித்தவர் அவர் மகள் ஆனந்தி. தகப்பனார் விட்ட இடத்தில் மகள் பேனாவை எடுக்க முடிந்ததென்றால், அந்த வீட்டில் எழுத்து ஒரு தனி அறையில் பூட்டி வைக்கப்படவில்லை என்பது பொருள். சாப்பாட்டு வேளையிலும் அது பேசப்பட்டிருக்க வேண்டும்.

முதல் முயற்சி ஈழத்தவருடையது

கல்கிக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே தமிழில் சரித்திர நாவலுக்கு வித்திட்டவர் ஓர் ஈழத்தவர் என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895-இல் சென்னையில் வெளியாயிற்று. தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் நாயக்க மன்னர்கள் ஆண்ட காலத்தை அது பொருளாகக் கொண்டது. தமிழில் தோன்றிய முதற் சரித்திர நாவல் இதுவே என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

அவர் இந்நாவலுக்கு மூன்றாண்டு முன், 1892-இல், ‘தத்தைவிடு தூது’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். பெண்களின் விடுதலையே அதன் பொருள். அதாவது, நாயக்க மன்னரின் அரண்மனைக்குள் நுழையுமுன் அவர் தம் காலத்து வீடுகளுக்குள் நோக்கியிருக்கிறார். அங்கே பெண்ணின் நிலை அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது. பழைய காலத்தை எழுதப் புகுந்தவரைத் தூண்டியது தம் காலத்துக் குடும்பம் என்று நாம் கொள்வதில் தவறில்லை.

தெல்லிப்பழை தந்த எழுத்தாளர்

இனி நம் ஊருக்கு வருவோம். தெல்லிப்பழை கல்வியால் பெயர் பெற்ற ஊர். 1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் இங்கே வந்து பாடசாலை தொடங்கினார். அதன் வழிவந்ததே யூனியன் கல்லூரி. 1910-இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன், ‘மகாகவி’ உருத்திரமூர்த்தி ஆகிய மூவரும் அக்கல்லூரியிற் கற்றவர்கள். அயலூராகிய உடுவிலில் 1824-இலேயே பெண்களுக்கென ஒரு பாடசாலை எழுந்தது. பெண் மக்கள் ஏடெடுத்துப் படிப்பது அரிதாயிருந்த காலம் அது.

இத்தகைய சூழலில், 1884-இல் தெல்லிப்பழையிற் பிறந்தவர் மங்களநாயகம் தம்பையா. அவர் கணவர் ஐசாக் தம்பையா, கிறிஸ்தவராயிருந்தும் தாயுமானவரின் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1925-இல் வெளியிட்டவர். மங்களநாயகம் அம்மையார் 1914-இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்திலே தமிழ் நாவல் எழுதிய முதற் பெண்மணி அவரே. பின்னர் 1926-இல் ‘அரியமலர்’ என்னும் நாவலையும் தந்தார்.

‘நொறுங்குண்ட இருதயம்’ ஒரு குடும்பக் கதை. கணவனின் கொடுமையைப் பொறுத்து, தன் நெறியினின்றும் வழுவாது வாழும் கண்மணி என்னும் பெண்ணின் துன்பமே அதன் பொருள். இதில் மன்னர் இல்லை, போர் இல்லை. அம்மையார் தாம் அறிந்த வீடுகளையும், தாம் கண்ட மணவாழ்வையும், தம்மைச் சுற்றியிருந்தோர் பேசிய பேச்சையும் எழுதினார். அன்று அதை எவரும் சரித்திரம் என்று கருதியிருக்க மாட்டார்கள்.

ஆண்டுகள் நூறு கடந்தன. இன்று அந்நூலைக் கையிலெடுப்பவருக்கு அது சரித்திரமே. அக்கால யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பெண்ணுக்கு என்ன மதிப்பிருந்தது, திருமணம் எவ்வாறு பேசப்பட்டது, துன்புற்ற பெண் யாரிடம் சென்று முறையிட்டாள் என்பவற்றை அரசாங்க அறிக்கையில் தேடினால் கிடைக்காது. தம் காலத்து வீட்டை உள்ளபடி எழுதியதனாலேயே அம்மையார் நமக்குச் சரித்திர ஆசிரியராகவும் ஆகிவிட்டார். இன்றைய அடுக்களையே நாளைய சரித்திரம் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இவ்வூரைப் பற்றி ஒரு சரித்திர நாவல்

தெல்லிப்பழைப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு ஒரு சரித்திர நாவல் எழுத ஓர் இளைஞர் முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் நாடுவது ‘யாழ்ப்பாண வைபவமாலை’யாக இருக்கும். அயலூராகிய மாதகலைச் சேர்ந்த மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய நூல் அது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி முகம் திருந்தப் பெற்ற கதையும், அதனால் மாவிட்டபுரம் பெயர் பெற்ற கதையும் அதிலுண்டு. நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

ஆனால், இளவரசி பரிவாரத்தோடு வந்து இறங்கியவுடன் ஆசிரியருக்குத் தொல்லைகள் தொடங்கும். அவர்கள் எதை உண்டார்கள்? ஒடியற் கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள் என்று எழுதலாம். அப்படி எழுதும்போது பேனா தன்னையறியாமல் செத்தல் மிளகாயையும் மரவள்ளிக் கிழங்கையும் கூழுக்குள் போட்டுவிடும்! இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் வந்த பின்னரே நம் தோட்டங்களில் ஏறியவை. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் ‘மிளகாய்’ என்ற பெயரே பிறந்தது. நல்லூர் மன்னர் காலத்துக் குழம்புக்குக் காரம் தந்தது மிளகே. செம்பாட்டு மண்ணில் செழித்த புகையிலையும் அப்படியே. ஒல்லாந்தர் காலத்தில் அது யாழ்ப்பாணத்தின் முதன்மையான ஏற்றுமதிப் பயிராயிற்று. ஆரியச் சக்கரவர்த்திகளின் நாளில் அதை இங்கு எவரும் கண்டதில்லை. ஆகவே, அரசனின் கிரீடத்தைப் பற்றி அறிவதற்கு முன், சரித்திர நாவலாசிரியர் கூழ்ப்பானையைப் பற்றி அறிய வேண்டியவராகிறார்.

அடுத்தது தண்ணீர். சோழநாட்டுக் கதைக்குக் காவிரி உண்டு. நமக்கு ஆறில்லை, கிணறே உண்டு. அங்கே ஆடிப் பெருக்கென்றால், இங்கே ஆடிப்பிறப்பு. அங்கே புதுவெள்ளமும் சித்திரான்னமும் என்றால், இங்கே கூழும் கொழுக்கட்டையும். எனவே, நம் நாவல் கிணற்றடியில் தொடங்குவதே பொருத்தம். விடியுமுன் துலா மிதிப்பவர் ஒருவர். பட்டை பிடித்து இறைப்பவர் ஒருவர். பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுபவர் ஒருவர். மூவரும் ஒத்து இயங்காவிடின் பயிர் வாடும். நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் இக்காட்சி மறைந்தது. துலா மிதித்தவரின் கால் எந்தத் தாளத்தில் நடந்தது, அவர் அப்பொழுது என்ன பேசினார் என்பதை அறிந்தோர் வரவரக் குறைந்து வருகின்றனர்.

குடும்ப வாழ்வை அறிய நம்மிடம் ஓர் அரிய ஆவணமும் உண்டு. 1707-ஆம் ஆண்டில், ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களால் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுவே தேசவழமை. கணவன் வழி வந்த முதுசொம், மனைவி கொண்டு வந்த சீதனம், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்தது முதல், தத்தெடுப்பின்போது மஞ்சள்நீர் அருந்தும் சடங்கு வரை அதில் காணலாம். நியாயவாதிகள் சட்டத்துக்காக அதைப் படிக்கிறார்கள். கதாசிரியர் அதே ஏட்டைக் குடும்பங்களின் இன்ப துன்பங்களுக்காகப் படிக்க வேண்டும்.

அவ்வேட்டில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன என்பதை மறைத்தல் ஆகாது. மனிதரை மனிதர் உடைமையாகக் கொண்டிருந்த அவ்வழக்கம் 1844-இலேயே இலங்கையில் சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. பழங்கால வீட்டின் அழகை எழுதுபவர், அந்த வீட்டுத் துலாவை மிதித்தவர் யார், அவருக்கு உணவு எங்கே வைத்துக் கொடுக்கப்பட்டது என்றும் எழுதக் கடமைப்பட்டவர். தலைவாசலை மட்டும் வருணித்து, கோடிப்புறத்தை விட்டுவிடுவது பாதிச் சரித்திரமே.

எரிந்த ஏடும் இழந்த வீடும்

இவ்வளவும் கூறியது வெறும் இலக்கியச் சுவைக்காக அன்று. நம் ஊர்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் சான்றுகள் இரு பெருந்தீமைகளுக்கு உள்ளாயின என்பதை எண்ணும்போதே இதன் அவசியம் விளங்கும்.

1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், ஓலைச்சுவடிகளும், பழைய பத்திரிகைத் தொகுதிகளும் சாம்பலாயின. அந்நாட்களின் அழிவை ‘24 மணி நேரம்’ என்ற நூலாக நீலவண்ணன் என்ற பெயரில் உடனுக்குடன் எழுதியவர் செங்கை ஆழியான். ‘நந்திக்கடல்’ முதலிய சரித்திர நாவல்களை எழுதியவரும் அவரே. பழங்காலத்தைத் தேடி எழுதிப் பழகிய கை, தன் கண்முன் நடந்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. 2016-இல் மறைந்த அவ்வெழுத்தாளர், அரசாங்க நிருவாகப் பதவிகளை வகித்துக்கொண்டே எழுதியவர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. நேரமில்லை என்பது எழுதாமைக்குப் போதிய காரணமாகாது.

இரண்டாவது தீமை வீடுகளுக்கு நேர்ந்தது. 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கின் பல கிராமங்களிலிருந்து மக்கள் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. கல்லூரிகளும் வேறிடங்களுக்குப் பெயர்ந்து இயங்க நேர்ந்தது. போர் 2009-இல் முடிந்த பின்னரும் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடப்பட்டன. திரும்பி வந்தோரிற் பலர் தம் வீட்டைக் காணவில்லை. கிணற்றை அடையாளமாக வைத்து எல்லையை மட்டிட்டோர் உண்டு.

நாற்சார் வீடும் அதன் முற்றமும், சங்கடப்படலையும் அதில் வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீரும், பூவரசங் கதிகால் நட்ட வேலியும், அம்மியும் உரலும், நீத்துப்பெட்டியும் கொட்டைப்பெட்டியும் அங்கே போயின. வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, நூலால் தைத்து, மட்டை போட்டு வைத்திருந்த தொகுதிகளும் அவற்றோடு போயின. ஒரே இதழை ஆச்சி முதல் பேத்தி வரை முறை வைத்துப் படித்த காலத்தின் அடையாளங்கள் அவை. அரசன் ஒருவனின் கோட்டை இடிந்தால் சரித்திர நூல் அதைக் குறித்து வைக்கும். ஒரு குடும்பத்தின் அடுக்களை இடிந்தால் குறித்து வைப்பவர் யார்?

1990-இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அன்று குடும்பத்தை நடத்திய தாய்மார் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பலர் மறைந்தும் விட்டார்கள். அந்த வீடுகளிலே பிறவாத பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வளர்கிறார்கள். இனி ஒரு காலத்தில் அவர்களுள் ஒருவர் தம் முன்னோரைப் பற்றி நாவல் எழுத விரும்பலாம். அவருக்கு இடப்பெயர்வின் ஆண்டும் திகதியும் கிடைக்கும்; போர் நடவடிக்கைகளின் பெயர்களும் கிடைக்கும். அந்த வீட்டில் மாலை வேளையில் விளக்கேற்றியவர் யார், விளக்கை எங்கே வைத்தார் என்பது மட்டும் கிடைக்காது. நாம் எழுதி வைத்தாலன்றிக் கிடைக்கவே கிடைக்காது.

மாணவர்க்கு ஒரு பணி

இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஒரு கொப்பியும் சிறிது பொறுமையும் போதும். வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். ‘போரைப் பற்றிச் சொல்லுங்கள், ஆச்சி’ என்று கேட்டால், அவர் பெருமூச்சு விட்டுச் சும்மா இருந்துவிடுவார். ‘உங்கள் வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது?’ என்று கேளுங்கள். ‘ஆடிப்பிறப்புக்கு யார் யார் வீட்டுக்குக் கொழுக்கட்டை போகும்? மழைக்காலத்தில் அடுப்புக்கு விறகு எங்கே வைப்பீர்கள்? வீட்டை விட்டு வந்த நாளில் கையில் எதை எடுத்து வந்தீர்கள்? எதை எடுக்க மறந்தீர்கள்?’ என்று கேளுங்கள். அப்பொழுது அவர் முகம் மாறும், பேச்சு பெருகும். ஒரு மரத்தைக் கேட்டால் ஓர் ஊரே எழுந்து வரும்.

எழுதும்போது நான்கு செய்திகளைத் தவறாது குறித்துக்கொள்ளுங்கள்: சொன்னவர் பெயர், அவர் பிறந்த ஊர், நிகழ்ந்த ஆண்டு, நீங்கள் எழுதிய நாள். சொன்னவர் நினைவு தடுமாறினால் அதையும் அப்படியே குறியுங்கள். உங்கள் கற்பனையால் நிரப்பாதீர்கள். கற்பனை நாவலாசிரியருக்கு உரியது. நீங்கள் அவருக்குக் கல்லும் மண்ணும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இனிமையை மட்டும் எழுதி, கசப்பை நீக்கி விடாதீர்கள். மங்களநாயகம் அம்மையார் தம் காலத்துக் குடும்பத்தின் கண்ணீரையும் எழுதியதால்தான் அவர் நூல் இன்றும் பேசப்படுகிறது.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எங்கள் கதையில் என்ன இருக்கிறது, நாங்கள் சமைத்தோம், பிள்ளை வளர்த்தோம்’ என்று தள்ளிவிட வேண்டாம். வல்லவரையர் வந்தியத்தேவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பே எஞ்சியது. அதுவும் அவர் ஒரு பெண்ணின் கணவர் என்பதால் எஞ்சியது. அந்தக் குறிப்பிலிருந்து ஐந்து பாக நாவல் பிறக்குமானால், நீங்கள் சொல்லும் நூறு வரியிலிருந்து எத்துணை எத்துணைப் பிறக்கலாம்!

நம் ஊரைப் பற்றிய சிறந்த சரித்திர நாவலை எழுதப்போகிறவர் இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். அவர் பிறக்கும்வரை அவருக்குரிய பொருளைக் காத்து வைப்பது நம் கடன். ஒரு கொப்பியில், திருத்தமான தமிழில், பெயரும் ஆண்டும் இட்டு, இன்று மாலையே அதன் முதற் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.